டிராய் மேட்டின் ஒன்பது அடுக்குகள்

நீலகிரி நேயர்களுக்கு வணக்கம்.

டிராய் என்றதும் மரக்குதிரைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். குதிரையை இன்று ஓரமாகக் கட்டிவிட்டு, அந்த ஊரின் மண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

துருக்கியின் வடமேற்கே, டார்டனெல்ஸ் நீரிணைக்கு அருகில் ஹிசார்லிக் என்றொரு மேடு இருக்கிறது. இயற்கையான ஒரு திட்டின் மேல் மனிதர்கள் வீடு கட்டிக் கட்டியே உயர்த்திய மேடு அது. கல் அஸ்திவாரம், அதன் மேல் வெயிலில் காயவைத்த பச்சைச் செங்கல் சுவர். தீயோ நிலநடுக்கமோ போரோ வந்து ஊர் விழுந்தால், இடிபாட்டை அள்ளிக் கொட்ட யாரும் மெனக்கெடவில்லை. நிரவிவிட்டு அதன் மேலேயே கட்டினார்கள். கி.மு. 3000 வாக்கில் தொடங்கிய அந்த வேலை ரோமானியர் காலம் வரை நடந்தது. நம் மலையில் இது நடக்காது. கூரை போன மண்சுவர் ஒரு தென்மேற்குப் பருவமழைக்கே கரைந்து ஓடையோடு போய்விடும்.

அந்த மேட்டின் ஒரு பகுதிக்குச் சொந்தக்காரர் பிராங்க் கால்வர்ட். டிராய் இங்கேதான் என்று நம்பி, முதலில் தோண்டிப் பார்த்தவர் அவர். ஆனால் பணமும் பிடிவாதமும் இருந்தது ஹைன்ரிக் ஷ்லீமன் என்ற ஜெர்மானிய வணிகரிடம். புகழும் அவருக்கே போயிற்று. டிராய் போரைப் பற்றிய காவியம் பாடிய பண்டைக் கிரேக்கக் கவி ஹோமர் சொன்ன நகரம் அடியில்தான் இருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டு, 1871 முதல் மேட்டின் நடுவே சுமார் 17 மீட்டர் ஆழத்துக்குப் பெரிய அகழி வெட்டினார். குறுக்கே வந்த சுவர்களை இடித்துத் தள்ளினார். 1873இல் தங்கம் கிடைத்தது. அந்தக் காவியத்தில் வரும் டிராய் மன்னன் பிரியமின் புதையல் என்று உலகுக்கு அறிவித்தார்.

அது கீழிருந்து இரண்டாவது அடுக்கின் பொருள். டிராய் போர் நடந்ததாகக் கருதப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் முந்தையது. அவர் தேடிய காலத்து நகரம் ஆறாவது, ஏழாவது அடுக்குகளில், அதாவது மேலே இருந்தது. அதைக் குடைந்து தாண்டித்தான் அவர் கீழே போயிருக்கிறார்! தொல்லியலில் இதைவிடக் கொடிய கேலியை நான் அறியேன்.

முழுப் பழியையும் அவர் தலையில் போடுவதும் நியாயமில்லை. பிற்காலத்தில் அதீனா என்ற கிரேக்கத் தெய்வத்தின் கோயிலுக்காக உச்சியைச் சமன்செய்தவர்கள், ஆறாம் அடுக்கின் நடுப்பகுதியை முன்பே செதுக்கி எடுத்திருந்தார்கள். ஒன்பது அடுக்குகளையும் ஒழுங்காகப் பிரித்துக் காட்டியவர் ஷ்லீமனிடம் வேலை பார்த்த கட்டடக் கலைஞர் டோர்ப்ஃபெல்ட். 1893, 94இல் அவரே தலைமையேற்றுத் தோண்டினார். பின்னர் அமெரிக்கத் தொல்லியலாளர் பிளேகன் வந்தார். 1988 முதல் ஜெர்மானியத் தொல்லியலாளர் கோர்ஃப்மன் மேட்டை விட்டிறங்கி, கீழேயும் ஊர் பரந்திருந்ததைக் காட்டினார்.

அதே 1873இல் நம் மலையைப் பற்றியும் ஒரு நூல் வந்தது. எழுதியவர் பிரீக்ஸ், நீலகிரியின் முதல் கமிஷனர், ஊட்டியில் அவர் பெயரில் பள்ளி இருக்கிறதே, அவர்தான். நூல் அச்சாகும்போது அவர் உயிருடன் இல்லை. மலைமுகடுகளில் பழங்கால ஈமச்சின்னங்களாக நிற்கும் கல்வட்டங்களை அவர் திறந்தபோது, மூடியில் எருமை உருவம் நிற்கும் சுடுமண் கலங்களும் வெண்கலக் கிண்ணங்களும் கிடைத்தன. அவற்றில் பலவற்றின் காலம் குறித்து அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். டிராயில் ஓர் அடுக்குக்கு அதன் மேலடுக்கும் கீழடுக்கும் சாட்சி சொல்லும். தனியாக ஒரு முகட்டில் கிடக்கும் ஈமக்குழிக்கு, பொருள்கள் கிடந்த நிலையே முக்கிய சாட்சி.

டிராய்த் தங்கம் பெர்லினுக்குப் போய், 1945இல் காணாமற்போய், இப்போது மாஸ்கோவில் இருக்கிறது. நம்முடையவற்றில் ஒரு பகுதி சென்னை எழும்பூரிலும், ஒரு பகுதி லண்டனிலும் இருக்கின்றன. மிச்சம் இன்னும் மண்ணுக்குள் இருக்கலாம். தோட்டத்தில் மண் வெட்டும்போது கல்வட்டமோ பானையோ தென்பட்டால், கடப்பாறையைக் கீழே வைத்துவிட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சொல்லியனுப்புங்கள். அதற்குள், கழுவிப் பார்க்கலாமே என்று மட்டும் எதையும் வெளியே எடுத்துவிடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.