கும்மிருட்டிலும் எண்ணுகிறதே, ஏன்?

சென்ற பேச்சைக் கேட்டுவிட்டுக் குன்னூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "ஃபோட்டோமல்டிப்ளையர் குழாய் ஒற்றை ஒளித்துகளைக்கூட எண்ணும் என்றீர்கள். அப்படியானால் கும்மிருட்டில் மூடி வைத்தால் பூஜ்யம்தானே காட்ட வேண்டும்?" இதை வாசித்ததும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. குழாயின் உயிர்நாடியையே தொட்டுவிட்ட கேள்வி.

பூஜ்யம் காட்டாது அம்மா. கும்மிருட்டிலும் அது எண்ணிக்கொண்டேதான் இருக்கும். சாதாரணக் குழாயிலேயே விநாடிக்குச் சில நூறு துடிப்புகள் வரும்.

வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு நான் ஓயாமல் சொல்வது நினைவிருக்கும்: பெருக்குவது எளிது, முதல் எலக்ட்ரானைப் பெறுவதுதான் அரிது. குழாயின் முகப்புக் கண்ணாடிக்கு உட்புறம், பால் கலக்காத தேநீரின் நிறத்தில் ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. ஆன்டிமனியோடு பொட்டாசியம், சீசியம் போன்ற கார உலோகங்கள் சேர்ந்தது. ஒளித்துகள் அதில் பட்டால் ஓர் எலக்ட்ரான் வெற்றிடத்துக்குள் தெறிக்கலாம், தெறிக்காமலும் போகலாம். நான்கு துகள் வந்தால் ஒன்றுதான் தேறும். மற்ற மூன்றும் போனது போனதுதான், பிறகு எந்த மின்சுற்றாலும் அவற்றை மீட்க முடியாது. தெறித்த எலக்ட்ரானை நூறு வோல்ட் அளவு மின்னழுத்தம் முதல் டைனோடை, அதாவது எலக்ட்ரானைப் பெருக்கும் தகட்டை, நோக்கி இழுக்கிறது. மோதிய இடத்திலிருந்து மூன்று, நான்கு எலக்ட்ரான்கள் கிளம்புகின்றன. அவை அடுத்த தகட்டில் மோதுகின்றன. நான்கு மடங்கு வீதம் பத்துப் படி ஏறினால் 10,48,576. விநாடியை நூறு கோடியாகப் பிரித்தால், அதில் சில பத்துப் பங்கு நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இப்போது உங்கள் இருட்டுக்கு வருகிறேன். எலக்ட்ரானை எளிதில் விட்டுவிடும் என்பதற்காகத்தானே கார உலோகத்தைத் தேர்ந்தெடுத்தோம்? ஒளிக்கு எளிதில் விடுவது வெப்பத்துக்கும் விடும். அறையின் சூட்டிலேயே அவ்வப்போது ஒன்று கழன்று வரும். அது ஒளியால் வந்ததா, சூட்டால் வந்ததா என்று டைனோடுக்குத் தெரியாது. அதையும் பத்து லட்சமாக்கித் தந்துவிடும். இதுதான் இருட்டு எண்ணிக்கை. குளிர்வித்தால் குறையும். ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரி இரவில், வெப்பமூட்டாத அறையில் இருக்கும் குழாய் நண்பகலைவிடக் குறைவாக எண்ணும்.

ஆனால் சூட்டின் மேல் பழிபோடும் முன், ஒளி புகாமல் குழாயை மூடியிருக்கும் பெட்டியைப் பாருங்கள். நான் மாணவனாக இருந்தபோது ஆய்வகத்தில் ஒரு குழாயின் எண்ணிக்கை முற்பகலில் ஏறும், மேகம் மூடினால் இறங்கும். கறுப்பு நாடாவை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தோம். ஒரு மூலையில் ஊசிமுனை அளவுக்குப் பிரிந்திருந்தது. ஜன்னல் வெயில் அதன் வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது. வெளிச்சம் பட்ட குழாயை உடனே நம்பக் கூடாது. ஓர் இரவாவது இருட்டில் கிடக்கட்டும்.

இந்தக் குழாயின் வரலாறே முதல் எலக்ட்ரானின் வரலாறுதான். 1930களின் நடுவில் அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் ஸ்வோரிகின் குழுவினர் பல படி பெருக்கத்தைச் செய்து காட்டிவிட்டார்கள். பெருக்கம் அன்றே வந்துவிட்டது. பூச்சுதான் காலம் எடுத்தது. தொடக்க காலப் பூச்சில் நூறு துகளுக்கு ஓர் எலக்ட்ரான்கூடத் தேறாது. 1936இல் ஜெர்மானிய இயற்பியலாளர் கெர்லிஷ் உருவாக்கிய சீசியம்-ஆன்டிமனி பூச்சு அதைப் பன்னிரண்டு அளவுக்கு உயர்த்தியது. பிறகு இருபத்தைந்து, இன்று நல்ல குழாய்களில் முப்பத்தைந்துக்கு மேல். இரண்டாம் உலகப் போரில் 931ஏ என்ற குழாயை, எதிரியின் ரேடாரைக் குழப்ப அது தரும் ஒழுங்கற்ற மின் இரைச்சலுக்காகவே பயன்படுத்தினார்கள். இப்போது சிலிக்கானில் செய்த சில்லுகள் வந்துவிட்டன. ஆயிரம் வோல்ட் வேண்டாம், சில பத்து வோல்ட் போதும், காந்தப்புலத்துக்கும் அசையாது. இருட்டு எண்ணிக்கை மட்டும் அதில் இன்னும் அதிகம்.

அப்படியென்றால் இத்தனை பொய்த் துடிப்புகளுக்கு நடுவே உண்மையை எப்படிப் பிரிப்பது? நீங்கள் அடுத்துக் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான். விடை நம் ஊட்டியிலேயே இருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில், 2,200 மீட்டர் உயரத்தில், கிரேப்ஸ்-3 என்ற ஆய்வு நடக்கிறது. ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள சுமார் 400 மினுக்கிகளை 8 மீட்டர் இடைவெளியில் பரப்பி வைத்திருக்கிறார்கள். மின்னூட்டத் துகள் பாயும்போது அவற்றின் பிளாஸ்டிக் மங்கலாக மினுங்கும். குழாய் அதைப் பார்க்கும். விண்ணிலிருந்து வரும் ஒரு காஸ்மிக் கதிர் காற்றில் மோதிச் சிதறினால், துகள்கள் ஒரு கூட்டமாக இறங்கும். அருகருகே உள்ள பல மினுக்கிகள் விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஒருசேரத் துடிக்கும். சூட்டால் கழன்ற எலக்ட்ரான்கள் அப்படி ஒருவருக்கொருவர் சொல்லிவைத்துக்கொண்டு வராது. தனித்து வந்ததைத் தள்ளு, சேர்ந்து வந்ததை எடு. ஜப்பானின் கமியோகாண்டேயில், பாறைக்கடியில், அரை மீட்டர் அகலக் குழாய்கள் சூழ்ந்த நீர்த்தொட்டியும் இதே முறையில்தான் 1987இல் வெடிக்கக் கண்ட விண்மீனிலிருந்து வந்த, எதிலும் எளிதில் சிக்காத நுண்துகள்களான நியூட்ரினோக்களில் 11ஐச் சுமார் 13 விநாடிக்குள் பிடித்தது.

அடுத்து, கோத்தகிரியிலிருந்து காந்தக் கவசத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்குப் போகலாம்.