அலமாரியில் இருந்த மற்ற கேசட்டுகள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

சிறுவயதில் மனத்தில் பதிந்த ஓர் இசைத்தொகுப்பு இன்றும் நம்மை ஆட்கொள்வது நினைவாலா, இசையாலா என்பது தலைப்பு. இசையால்தான் என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தோழியார், "நீங்கள் கேட்பது பாட்டை அல்ல, தொலைந்துபோன உங்கள் பத்து வயதை" என்று சொல்லிக் கைதட்டல் பெற்றார். அந்தப் பத்து வயதிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்போது எங்கள் வீட்டு அலமாரியில் முப்பது கேசட்டுகளாவது இருந்திருக்கும். அவற்றில் ஒன்று, பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழு 1973-இல் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்', அதாவது 'நிலவின் இருண்ட பக்கம்' என்ற தொகுப்பு. அதே அலமாரி, அதே டேப் ரெக்கார்டர், அதே சிறுவன். மற்ற கேசட்டுகளை இன்று கேட்டால் முகத்தில் ஒரு புன்னகை வருகிறது. இரண்டாம் பாட்டுக்குள் அதுவும் மறைந்துவிடுகிறது. ஆட்கொள்வது நினைவுதான் என்றால், முப்பதும் அல்லவா என்னை ஆட்கொண்டிருக்க வேண்டும்?

அந்தத் தொகுப்பில் 'டைம்' என்ற பாடலின் தொடக்கத்தில் பல கடிகாரங்கள் ஒரே நொடியில் அலறும். ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் ஒரு பழம்பொருள் கடைக்குச் சென்று ஒவ்வொரு கடிகாரத்தையும் தனித்தனியே பதிவுசெய்து, பின்னர் ஒன்றாகச் சேர்த்த ஓசை அது. சிறுவனாக அதைக் கேட்டுப் போர்வைக்குள் ஒளிந்திருக்கிறேன். முப்பத்தைந்து வயதில் கேட்டபோது கடிகாரங்கள் என்னை ஒன்றும் செய்யவில்லை. வாழ்க்கை இனிமேல்தான் தொடங்கும் என்று காத்திருந்தவன், அது எப்போதோ தொடங்கிவிட்டதை உணரும் அந்த வரிகள்தான் என்னை நடுங்க வைத்தன. அவற்றை எழுதிய, குழுவின் ரோஜர் வாட்டர்ஸ் அன்று முப்பதைக்கூட எட்டியிருக்கவில்லை. நினைவு, அன்று என்னிடம் இருந்ததைத்தான் திருப்பித் தர முடியும், நடுவர் அவர்களே. அன்று எனக்கு விளங்கவே விளங்காத ஓர் அச்சத்தை அது எப்படித் தரும்?

பணத்தைப் பாடும் 'மணி' (Money) பாடலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காசும் கல்லாப் பெட்டியும் எழுப்பும் ஓசைகளை நாடாவில் வெட்டி ஒட்டி, ஏழு எண்ணிக்கையில் சுழலவிட்டிருக்கிறார்கள். நம் இசையில் மிஸ்ரம் என்கிறோமே, அந்தக் கணக்கு. கிட்டார் தனித்து முழங்கும் இடத்தில் தாளம் நான்குக்கு மாறுகிறது. அது எனக்குப் பிடிபட்டது கல்லூரிக் காலத்தில்தான்.

இப்போது, என் கணிப்பில் இந்தத் தொகுப்பின் சிகரமான பாடலுக்கு வருகிறேன். 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' என்ற அந்தப் பாடலில், குழுவின் ரிச்சர்ட் ரைட் வாசிக்கும் பியானோவுக்கு மேல் ஒரு பெண் குரல் சொல்லே இல்லாமல் எழுந்து, கதறி, தணிந்து அடங்குகிறது. பாடியவர் கிளேர் டோரி. லண்டனின் அபே ரோடு ஸ்டுடியோவில் அன்று அவருக்குக் கிடைத்த ஊதியம் 30 பவுண்டு. அந்தப் பாடலின் ஆக்கத்தில் அவருக்கும் பங்குண்டு என்ற ஏற்பு வழக்குக்குப் பிறகு 2005-இல்தான் கிடைத்தது. சிறுவனாக இருந்தபோது இந்தப் பாட்டு எனக்குப் பிடிக்காது. பொத்தானை அழுத்தி நாடாவை ஓட்டிவிடுவேன். எனவே இதற்கென்று என்னிடம் இனிய நினைவு ஏதும் கிடையாது. ஆனால் அம்மா இறந்த ஆண்டில், யார் சொன்ன ஆறுதலும் உள்ளே இறங்காத நாள்களில், சொல்லற்ற இந்தக் குரல் ஒன்றுதான் என் துக்கத்தின் அளவுக்கு ஈடாக இருந்தது.

இறுதியாக ஒன்று. தொகுப்பு இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பிலேயே முடிகிறது. அந்தக் கடைசித் துடிப்புகளுக்கு அடியில், நிலவுக்கு இருண்ட பக்கம் என்று தனியாக ஒன்றில்லை, உண்மையில் அது முழுவதுமே இருள்தான் என்று ஒரு மெல்லிய குரல் சொல்கிறது. அந்த ஸ்டுடியோவின் வாயிற்காவலருடைய குரல் அது. எங்கள் பழைய டேப் ரெக்கார்டரில் அது கேட்டதே இல்லை. பல ஆண்டுகள் கழித்து நல்ல ஹெட்ஃபோனில் முதன்முறையாகக் கேட்டபோது, முழுதாய்த் தெரியும் என்று நான் நம்பியிருந்த பாட்டு அந்த ஒரு வாக்கியத்தில் மீண்டும் புதிதாகிவிட, எழுந்திருக்கவும் தோன்றாமல் அப்படியே அமர்ந்திருந்தேன். என் பத்து வயதில் ஒலிக்கவே ஒலிக்காத அந்தக் குரலை எந்த நினைவின் கணக்கில் எழுதப் போகிறார்கள் என்று எதிரணியினரிடம் நடுவர் அவர்களே கேட்டுச் சொல்ல வேண்டும்.