பத்துக்கு நான்கு வாங்கிய பள்ளி

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் வீடு பார்க்கக் கிளம்பும் முன்பே, அந்த முகவரிக்கு எந்தப் பள்ளி, அதன் ரேட்டிங் பத்துக்கு எத்தனை என்று பார்த்துவிடுகிறார்கள். எட்டு, ஒன்பது என்றால் மேற்கொண்டு பேச்சு. நான்கு என்றால் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. நகரத்துக்கு உள்ளே, பல நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கிற அரசு ஆரம்பப் பள்ளிகள் பலவற்றுக்கு இந்த நான்குதான் கிடைக்கிறது. அப்படி ஒரு பள்ளியில், ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். அந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன்.

மூன்றாம் வகுப்பிலிருந்து பிள்ளைகளுக்கு வாசிப்பிலும் கணிதத்திலும் ஆண்டுதோறும் மாநிலத் தேர்வு உண்டு. ரேட்டிங்கில் இந்தத் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் சராசரி, பெற்றோரின் வருமானத்தையும் படிப்பையும் ஒட்டியே பெரும்பாலும் ஏறி இறங்குகிறது. பிறந்ததிலிருந்து ஆங்கிலக் கதை கேட்டு வளர்ந்த பிள்ளையும், இரண்டு வருஷம் முன்பு வந்திறங்கிய பிள்ளையும் ஒரே தேர்வை எழுதுகிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன், சராசரியை விட்டுவிட்டு, பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்று கணக்கிட்டார். சிகாகோ அரசுப் பள்ளிகளைப் பற்றி 2017இல் வெளிவந்த அவருடைய ஆய்வு, 2009க்கும் 2014க்கும் இடையில் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை போன பிள்ளைகள், ஐந்து ஆண்டுகளில் ஆறு ஆண்டுப் படிப்பைக் கடந்திருந்தார்கள் என்று காட்டியது. சராசரியை மட்டும் பார்த்தால் சிகாகோ அப்போது நாட்டின் சராசரிக்கும் கீழேதான். பள்ளியின் உழைப்பு அந்த முன்னேற்றத்தில்தான் தெரிகிறது. எனக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

அதற்காக, பல நாட்டுப் பிள்ளைகளை ஒரே கூரையின் கீழ் கூட்டிவிட்டாலே போதும் என்று சொல்ல மாட்டேன். நடைபாதையில் நாற்பது நாட்டுக் கொடி தொங்கும். சாப்பாட்டு மேசையில் அவரவர் கூட்டம் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். டெக்ஸாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் 1971இல் இதுதான் நடந்தது. கறுப்பின, வெள்ளையின, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளை முதன்முறையாக ஒரே வகுப்பில் உட்கார வைத்தார்கள், சண்டை மூண்டது. உளவியல் பேராசிரியர் எலியட் ஆரன்சனை அழைத்தார்கள். அவர் வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரித்து, பாடத்தையும் துண்டு துண்டாக்கி, ஆளுக்கு ஒரு துண்டைக் கொடுத்தார். ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இல்லை. முடிவில் எல்லோருக்கும் முழுப் பாடத்திலும் தேர்வு. ஆகவே, தட்டுத்தடுமாறிப் பேசுகிறவன் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும்.

என் பிள்ளைகளோடு இன்றும் அதைத்தான் செய்கிறேன். நீர்ச் சுழற்சிப் பாடம். ஹோண்டுராஸிலிருந்து வந்து சில மாதங்களே ஆன ஒரு பையனுக்கு ஆவியாதல் வந்தது. பேச வரவில்லை. பெரிய கொப்பரையும் மேலே எழும் புகையும் வரைந்து, விரலால் மேலே மேலே என்று காட்டினான். எப்போதும் அவனைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும் சோமாலியச் சிறுமி, "சூடா? தண்ணீர் சூடாகுதா? எங்கே போகுது?" என்று ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு அவனிடமிருந்து விஷயத்தை வாங்கிவிட்டாள். தேர்வில் அவளுக்கு அந்தக் கேள்வி சரி. மறுநாளிலிருந்து சாப்பாட்டு மேசையில் அவனுக்கு இடம் பிடித்து வைத்தாள்.

இந்தப் பிள்ளைகளுக்குத் தனியாகக் கற்றுத் தருவது பள்ளியின் தயவு என்று பலர் நினைக்கிறார்கள். அது சட்டம். சான் பிரான்சிஸ்கோவின் சீனக் குடும்பங்கள் தொடுத்த வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் என்பது மட்டும் சமத்துவம் ஆகாது, மொழியே புரியாத பிள்ளைக்கு அந்தக் கல்வியால் பயனில்லை. குடியேற்ற ஆவணம் இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து விலக்கக் கூடாது என்ற தீர்ப்பு 1982இல் வந்தது. ஆங்கிலம் போதாத பெற்றோருக்குப் புரியும் மொழியில் விவரம் சொல்வதும் பள்ளியின் கடமை. கூச்சப்படாமல் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

இங்கே நம்மவர்களிடம் உரிமையோடு ஒன்று சொல்கிறேன். சேர்க்கையின்போது, வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம் தருவார்கள். தமிழ் என்று எழுதினால் குழந்தையைக் கீழே தள்ளிவிடுவார்களோ என்று பயந்து, ஆங்கிலம் என்று எழுதிவிடுகிறோம். தமிழ் என்றே எழுதுங்கள். ஒரு சிறு சோதனை வைப்பார்கள். குழந்தைக்கு ஆங்கிலம் போதுமானால் அதோடு விட்டுவிடுவார்கள். போதாவிட்டால் உதவி கிடைக்கும். விளையாட்டுத் திடல் ஆங்கிலம் இரண்டு வருஷத்தில் வந்துவிடும், பாடப்புத்தக ஆங்கிலத்துக்கு ஐந்து முதல் ஏழு வருஷம் பிடிக்கும் என்று கனடா ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் காட்டியிருக்கிறார். சரளமாகப் பேசுகிறான் என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது, நான்காம் வகுப்பு அறிவியல் புத்தகம் அவனுக்குப் பாதிதான் விளங்கிக்கொண்டிருக்கும்.

குறைகளும் உண்டு, மறைக்க மாட்டேன். வாடகை ஏறினால் பிள்ளைகள் ஆண்டின் நடுவிலேயே பள்ளி மாறுகிறார்கள். பல மாநிலங்களில் பள்ளிக்கான பணத்தில் பெரும்பங்கு வீட்டு வரியிலிருந்து வருவதால், ஏழைப் பகுதிக்குக் கை எட்டுவது குறைவு. ஆசிரியர்கள் சீக்கிரம் களைத்துப் போகிறார்கள்.

அதனால்தான் நேரில் போய்ப் பாருங்கள் என்கிறேன். அலுவலகத்துக்குப் போன் செய்து ஒரு வேலைநாளில் நேரம் கேளுங்கள். வகுப்பில் ஆசிரியரைவிடப் பிள்ளைகளைக் கவனியுங்கள்: யார் யாரோடு பேசுகிறார்கள், தடுமாறுகிறவன் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்கிறார்களா? பிறகு தலைமையாசிரியரிடம் கேளுங்கள். ஆங்கிலம் கற்கும் பிள்ளைக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் தனி உதவி? போன வருஷம் இருந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இந்த வருஷமும் இருக்கிறார்கள்? பிள்ளைகளின் முன்னேற்றக் கணக்கைக் காட்ட முடியுமா? மழுப்பாமல் பதில் சொல்கிறார் என்றால், ரேட்டிங் நான்காக இருந்தாலும் அந்தத் தெருவில் வீடு பாருங்கள்.

வணக்கம்.