காபி மில்லுல அரைச்ச கோதுமை

நேயர்களுக்கு அன்பான வணக்கம். உங்களுக்குப் புடிச்ச வாசிப்பு பத்தி வந்து பேசுங்கன்னு கூப்பிட்டாங்க, நான் பெருசா யோசிக்கவே இல்ல, ஏன்னா பத்து வருஷத்துக்கு மேலயே திரும்பத் திரும்ப ஒரே வகை புத்தகத்ததான் கையில எடுத்துட்டிருக்கேன். அமெரிக்காவுல 19ஆம் நூற்றாண்டுல கிழக்குப் பக்கத்துலேர்ந்து வண்டி கட்டிக்கிட்டு, கண்ணுக்கெட்டின தூரம் புல்லு மட்டுமே இருக்கிற சமவெளியில போய் குடியேறுன குடும்பங்களப் பத்தின வரலாற்று நாவல்கள், அதுலயும் அந்தக் குடும்பத்துப் பொம்பளைங்க.

குதிர, துப்பாக்கி, தூசி பறக்குற வண்டின்னுதான் நிறைய பேருக்கு இந்தக் கதைங்க ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வர்றது அடுப்பு. அதனால இன்னைக்கு அடுப்பப் பத்திதான் பேசப்போறேன்.

முதல்ல ஒரு சட்டம். 1862ல ஆபிரகாம் லிங்கன் கையெழுத்துப் போட்ட சட்டம் அது, 160 ஏக்கர் நிலத்த ஒருத்தர் பேர்ல பதிஞ்சுக்கலாம், 5 வருஷம் அங்கயே குடியிருந்து பயிர் பண்ணிக் காட்டுனா நிலம் சொந்தம். தனியா இருக்கிற பொண்ணோ விதவையோ, 21 வயசு ஆகியிருந்தா தன் பேர்லயே பதியலாம், அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம், அப்படிப் பதிஞ்சு தனியா நின்னு ஜெயிச்ச பொம்பளைங்க நிறைய பேர் இருந்திருக்காங்க. ஆனா புருஷன் கூட இருக்கிற பொம்பளைக்கு அது கெடயாது. அஞ்சு வருஷமும் அவ சேர்ந்துதான் உழைக்கிறா, பட்டா மட்டும் அவர் பேர்ல. இத மனசுல வச்சுக்கிட்டுப் படிச்சா ஒவ்வொரு பக்கமும் வேற மாதிரி தெரியும்.

இப்ப ஒரு புத்தகத்துக்கு வர்றேன். லாரா இங்கால்ஸ் வைல்டர் 1940ல வெளியிட்ட நாவல், ஒரு நீண்ட குளிர்காலத்தப் பத்தினது. அப்ப அவங்களுக்கு 73 வயசு. எழுதுனது அவங்களுக்கு 13 வயசுல நடந்தது, 1880 அக்டோபர்ல ஆரம்பிச்சு அடுத்த வருஷம் ஏப்ரல் வரைக்கும் பனிப்புயல் மேல பனிப்புயலா அடிச்ச காலம், ஊர் பேரு டி ஸ்மெட், டகோட்டா பகுதி. புதுசா முளைச்ச ஊரு, கடைக்கு வர்ற மாவு, சக்கரை, நிலக்கரி, மண்ணெண்ணெய் எல்லாமே ரயில்லதான் வரணும். ஜனவரியில ரயில் நின்னுபோச்சு, திரும்ப வந்தது மே மாசம்.

ஏன் நின்னுதுங்கிறத அந்தப் புத்தகத்துல அவ்வளவு தெளிவா சொல்லியிருப்பாங்க. தண்டவாளம் மேட்டு நிலத்த வெட்டி நடுவுல போகும், அந்தப் பள்ளத்துல பனி வந்து நெறஞ்சிடும், ஆளுங்க வாரி வாரி ரெண்டு பக்கக் கரை மேலயும் போடுவாங்க, அதனால கரை இன்னும் ஒசந்துடும், அடுத்த புயல்ல பள்ளம் முன்ன விட ஆழமா நெறையும். அவங்க செஞ்ச வேலையே அவங்களுக்கு எதிரா நிக்கும், படிக்கும்போதே மூச்சு முட்டும்.

ஊர்ல மாவு தீர்ந்துபோச்சு, நிலக்கரி தீர்ந்துபோச்சு. மிச்சம் இருக்கிறது கோதுமை, அதுவும் முழுசா, அரைக்காம. வீட்டுல காபிக்கொட்டை அரைக்கிற சின்ன மில்லு ஒண்ணு இருக்கு, கைப்பிடிய சுத்துனா அடியில இருக்கிற குட்டி டிராயர்ல பொடி விழும். காலையில எழுந்ததுலேர்ந்து யாராவது ஒருத்தர் அத முழங்காலுக்கு நடுவுல இடுக்கிக்கிட்டு சுத்திட்டே இருக்கணும், அப்பதான் அன்னைக்கு ரொட்டிக்கு மாவு சேரும். மூத்த பொண்ணு மேரிக்கு அதுக்கு முந்தின வருஷம்தான் காய்ச்சல்ல கண்ணு போயிருந்தது, அவளும் முறை போட்டு அரைப்பா. அந்த மாவ அம்மா கரோலின் புளிக்க வச்சு ரொட்டி சுடுவாங்க.

எரிக்கறதுக்கு? வைக்கோல். காஞ்ச புல்ல கையில எடுத்து முறுக்கி, மடிச்சு, திரும்ப முறுக்கி, விறகுக்கட்ட மாதிரி கெட்டியா செய்யணும். கொட்டகையில நின்னு அப்பாவும் லாராவும் முறுக்குவாங்க, புல்லு நுனி கையைக் கிழிக்கும். அடுப்புல போட்டா கொஞ்ச நேரத்துல சாம்பல். அதனால முறுக்கறதும் நிக்கக்கூடாது, அரைக்கறதும் நிக்கக்கூடாது. வெளக்குக்கு எண்ணெய் இல்லாதப்ப அம்மா என்ன செய்றாங்கன்னா, ஒரு துண்டுத் துணி நடுவுல பட்டன் ஒண்ண வச்சு, துணியை இழுத்துக் கட்டி, நுனிய மேல்நோக்கி முறுக்கி திரியாக்கி, தட்டுல வண்டி அச்சுக்குப் போடுற மசகுல வச்சு ஏத்துறாங்க. அகல் வெளக்கேதாங்க அது. எனக்கு அந்தப் பக்கத்த படிச்சப்ப உடம்பு சிலிர்த்துச்சு, நம்ம வீட்டு கார்த்திகைக்கும் அந்தப் பனிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல, ஆனா இருட்டுல உட்கார்ந்து யோசிச்ச ஒரு பொம்பளையோட கை ஒண்ணுதான்.

அதே நாவல்ல ரெண்டு வாலிபப் பசங்க உயிரப் பணயம் வச்சு பனிக்குள்ள போய் ஊருக்கே கோதுமை வாங்கிட்டு வர்ற கட்டம் இருக்கு, அருமையான கட்டம், எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க. அது பெருசுதான், நான் இல்லேங்கல. ஆனா அந்தக் கோதுமை வந்து எறங்குனதும் அத யாரு அரைச்சா? மறுபடி அதே மில்லு, அதே கை. தைரியம்னா ஒரு நாள்ல நடக்கிறது, நமக்குச் சொல்றதுக்கு வசதியா இருக்கு. மாசக்கணக்குல தினமும் நடக்கிறத நாம "பொறுமைசாலி"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டு அடுத்த பக்கம் போயிடறோம். எனக்கு அந்த வார்த்தை மேலதான் வருத்தம். கரோலின் செஞ்சது வெறும் பொறுமை இல்லைங்க, கணக்கு. எத்தன பேரு, எத்தன ரொட்டி, எவ்வளவு உருளைக்கிழங்கு இருக்கு, சின்னது முகம் வாடுதா, யாருக்கு இன்னைக்கு ஒரு துண்டு கூடக் குடுக்கணும், தனக்கு எவ்வளவு கொறச்சுக்கணும்னு விடாம ஓடுற கணக்கு.

இதுல இன்னொரு சங்கதி இருக்கு, தெரிஞ்சப்ப நான் புத்தகத்த மூடி வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நாவல்ல அந்த வீட்டுல ஆறு பேரு, அப்பா, அம்மா, நாலு பொண்ணுங்க. நிஜத்துல அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு இளம் தம்பதியும் கைக்குழந்தையோட அதே வீட்டுல தங்கியிருந்தாங்க. லாரா எழுதி வச்சிருந்த தன்வரலாறு 2014ல அச்சுல வந்தது, அதுல இது இருக்கு. குடும்பம் தனியா நின்னு சமாளிச்சதுங்கிற கதை வலுவிழந்துடும்னு நாவல்லேர்ந்து அவங்கள எடுத்துட்டாங்க. கதைக்கு அது சரியா இருக்கலாம். ஆனா அந்தக் கணக்க இப்ப திரும்பப் போட்டுப் பாருங்க. குழந்தை பெத்த ஒருத்தி வீட்டுல இருக்கா, அவளுக்குப் பால் ஊறணும், அதுக்கு அவ சாப்பிடணும், அதே மில்லு, அதே வைக்கோல். அம்மா சுமந்ததுல ஒரு பெரிய பங்கு கதைக்கு வெளியிலயே நின்னுபோச்சு.

தாங்க முடியாம உடைஞ்சவங்களும் உண்டு, அவங்களப் பத்தி எழுதினவர் நார்வேலேர்ந்து வந்த ரோல்வாக். 1920கள்ல நார்வே மொழியில எழுதி அப்புறம் இங்கிலீஷ்ல வந்த நாவல், அவரோட மனைவி குடும்பமே டகோட்டாவுல குடியேறுன குடும்பம், அங்க கேட்டதெல்லாம் உள்ள இருக்கு. அதுல பெரெட்னு ஒருத்தி. புருஷனுக்கு அந்தச் சமவெளி ராஜ்யம் மாதிரி தெரியுது, அவளுக்கு ஒளிஞ்சுக்க ஒரு மரம் கூட இல்லாத இடமா தெரியுது. ராத்திரியில ஜன்னல்ல துணியக் கட்டி மறைப்பா. வெட்டுக்கிளி வந்து பயிரையெல்லாம் தின்ன அன்னைக்கு புருஷன் ஓடி வந்து கதவத் தள்ளுறான், தொறக்கல, உள்ள சொந்த நாட்டுலேர்ந்து கொண்டு வந்த பெரிய மரப்பெட்டி கதவோட ஒட்டிக் கெடக்கு, தொறந்து பாத்தா புள்ளைங்களோட அவ அந்தப் பெட்டிக்குள்ள. அந்தக் கட்டத்த படிச்சுட்டு யாரும் பெரெட்ட கோழைன்னு சொல்ல மாட்டீங்க. 1870கள்ல அந்த வெட்டுக்கிளி கூட்டம் வானத்தையே மறைச்சுதுன்னு எல்லா பதிவுலயும் இருக்கு, லாராவோட குடும்பமும் மினசோட்டாவுல அதுல ரெண்டு வருஷ வெள்ளாமைய இழந்தவங்கதான்.

சரி, இது யாரோட நிலம்? இதக் கேக்காம நான் இந்த உரைய முடிக்க முடியாது. கேன்சஸ்ல நடக்கிற லாராவோட இன்னொரு நாவல், 1935ல வந்தது, அதுல முதல் பக்கங்கள்லயே அங்க மனுஷங்களே கெடயாது, இந்தியர்கள், அதாவது அமெரிக்கப் பூர்வகுடி மக்கள், மட்டும்தான் இருந்தாங்கங்கிற அர்த்தத்துல ஒரு வரி இருந்துச்சு. பல வருஷம் கழிச்சு ஒரு வாசகர் கடிதம் எழுதிக் கேட்டதும் லாராவே தப்ப ஒத்துக்கிட்டு, 1953 பதிப்புல "மனுஷங்க"ங்கிறத "குடியேறிகள்"னு மாத்தினாங்க. அந்த நிலம் ஓசேஜ்ங்கிற பூர்வகுடி மக்களோடது, இங்கால்ஸ் குடும்பம் அனுமதியில்லாம போய் குடிசை போட்டவங்க. நாவல் முடியப்போற கட்டத்துல ஓசேஜ் மக்கள் வரிசையா ஊரவிட்டுப் போறாங்க, குதிர மேல தாய்மாருங்க, பக்கத்துக் கூடையில கைக்குழந்தைங்க, லாரா ஒரு குழந்தையோட கறுப்புக் கண்ணப் பாத்து அது எனக்கு வேணும்னு அழுவா. அந்தத் தாய் அன்னைக்கு ராத்திரி எங்க அடுப்பு மூட்டினா, எத வேக வச்சா, அந்த நாவல்ல இல்ல. அதத் தேடிப் போனவங்களுக்கு லூயிஸ் எர்ட்ரிக் எழுதின நாவல் வரிசை இருக்கு, ஒஜிப்வேங்கிற பூர்வகுடி வம்சத்துல வந்த எழுத்தாளர், 1847ல பெரிய ஏரி நடுவுல ஒரு தீவுல ஓமகாயஸ்னு ஒரு சின்னப் பொண்ணு, குளிர்காலத்துல அம்மை வந்து வீட்டுல புகுந்துடுது, பசியும் கூடவே வருது. நான் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுதான் படிக்கச் சொல்லுவேன், ஒண்ண மட்டும் படிச்சா அந்தக் குளிர்ல பாதிதான் நமக்குத் தெரியும்.

போன மார்கழியில ஒரு காரியம் செஞ்சேன். எங்க பாட்டி வீட்டு காபிக்கொட்டை மெஷின், மேஜை ஓரத்துல திருகி மாட்டுறது, பரண்ல கெடந்தத எறக்கித் தொடச்சு ஒரு டம்ளர் கோதுமையப் போட்டு சுத்தினேன். காபிக்கொட்டை மாதிரி கோதுமை நொறுங்காது, வழுக்கும், பல்லுல சிக்கி நிக்கும், விழறது மாவா இல்ல, ரவை. அத எடுத்துத் திரும்பப் போடணும். ஒரு டம்ளரு முடியறதுக்குள்ள தோள்பட்ட கடுக்க ஆரம்பிச்சுடுச்சு, உள்ளங்கையில கொப்புளம். எங்க அம்மா பூஜைய முடிச்சுட்டு வந்து பாத்தாங்க, "ஏண்டி, மிக்ஸி என்னாச்சு"ன்னு கேட்டாங்க. நான் இந்தக் கதையெல்லாம் சொன்னேன், கண்ணு தெரியாத பொண்ணு, வைக்கோல், ஆறு பேரு, அப்புறம் கூட இருந்தவங்க. அம்மா ஒண்ணும் சொல்லல. சேலைத் தலைப்ப இடுப்புல சொருகிக்கிட்டு நாற்காலிய இழுத்துப் போட்டு உட்கார்ந்தாங்க.

"தள்ளு, கொஞ்ச நேரம் நான் சுத்தறேன், நீ போய் கைய தண்ணில வை"ன்னாங்க.