இரண்டு தாள் கனம் போதும், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். ‘நெடுந்தூர விண்பயணத்துக்குப் பெரிதும் கைகொடுப்பது அணு உந்துவிசையா, மின் உந்துவிசையா?’ என்பது இன்றைய கேள்வி. நான் மின்சாரத்தின் பக்கம். மின்சாரத்தால் தள்ளும் அயனி இயந்திரம்தான் எங்கள் ஆயுதம்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், “அயனி இயந்திரத்தின் தள்ளுவிசை ஒரு காகிதத் தாளின் எடை. இதை நம்பி வேற்றுக் கோளுக்குப் போகிறார்களாம்!” என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். கணக்கில் ஒரு சின்னத் திருத்தம். 1998ல் நாசா அனுப்பிய டீப் ஸ்பேஸ் 1 கலத்தின் அயனி இயந்திரம் அதிகபட்சம் 92 மில்லிநியூட்டன் விசை தந்தது. அது ஏ4 தாள் ஒன்றல்ல, ஏறக்குறைய இரண்டு. பாதியை அண்ணன் விழுங்கிவிட்டார்!

சரி, அந்த இரண்டு தாள் கனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? செனான் வாயு அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைத் தட்டிவிட்டால் அது நேர்மின் அயனி ஆகிவிடும். ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் ஏற்றிய சல்லடைத் தகடுகள் வழியே அதை விட்டால், நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் பின்பக்கம் பாயும். அண்ணன் புகழ்ந்தாரே, அணு வெப்ப ராக்கெட், அதில் உலை ஹைட்ரஜனைச் சூடாக்கி வெளியே தள்ளும் வேகம் நொடிக்கு 8 அல்லது 9 கிலோமீட்டர்தான். வெளியேறும் வேகம் கூடினால், ஒவ்வொரு கிலோ உந்துபொருளிலிருந்தும் கிடைக்கும் பலனும் கூடும். விண்வெளியில் எதிர்க்காற்று இல்லை, உராய்வு இல்லை. மாதக்கணக்கில் தள்ளிக்கொண்டே இருக்கலாம்.

அப்படித் தள்ளிக்கொண்டே போனதுதான் 2007ல் கிளம்பிய டான் கலம். கையிருப்பு 425 கிலோ செனான். 2011ல் வெஸ்டா என்ற சிறுகோளை அடைந்து, ஓராண்டுக்கு மேல் அதைச் சுற்றிப் படமெடுத்தது. பிறகு அங்கிருந்து விடைபெற்று, 2015ல் செரஸ் என்ற குறுங்கோளைச் சுற்ற ஆரம்பித்தது. பூமிக்கு அப்பால் இரண்டு உலகங்களை அடுத்தடுத்துச் சுற்றிய முதல் கலம் அதுதான். அதன் இயந்திரங்கள் ஓடிய நேரத்தைக் கூட்டினால் கிட்டத்தட்ட ஆறு ஆண்டு வரும். தாள் கனம்தான், அண்ணே!

ஜப்பானின் ஹயபுசாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். 2003ல் கிளம்பி, 2005ல் இடோகாவா என்ற சிறுகோளைத் தொட்டது. அப்புறம் சோதனை மேல் சோதனை. எரிபொருள் கசிந்தது, சமநிலைச் சக்கரங்கள் பழுதாயின, பல வாரம் தொடர்பே இல்லை. கலத்தில் நான்கு அயனி இயந்திரங்கள். வீடு திரும்ப ஏழு மாதம் இருக்கும்போது, 2009 நவம்பரில், அதுவரை தாங்கி வந்த இயந்திரமும் நின்றுபோனது. ஓர் அயனி இயந்திரம் ஓட இரண்டு உறுப்புகள் வேண்டும். ஒன்று அயனியை வெளியே விடும். மற்றொன்று எலக்ட்ரானை வெளியே விடும். எலக்ட்ரானை விடாவிட்டால் கலத்தில் எதிர்மின் சேர்ந்து, போன அயனியையே திரும்ப இழுத்துவிடும். ‘பி’ இயந்திரத்தில் முதல் உறுப்பு நன்றாக இருந்தது, இரண்டாவது போய்விட்டது. ‘ஏ’ இயந்திரத்தில் இரண்டாவது நன்றாக இருந்தது. குனினாகா தலைமையிலான இயந்திரக் குழு, இரண்டையும் இணைக்கும் ஒரு சின்ன மின்சுற்றைக் கிளம்பும் முன்பே உள்ளே வைத்திருந்தது. இதிலிருந்து பாதி, அதிலிருந்து பாதி என்று சேர்த்து ஓர் இயந்திரமாக ஓட்டினார்கள். 2010 ஜூன் 13 அன்று, சிறுகோளின் துகள்களோடு பேழை ஆஸ்திரேலியாவின் வூமெராவில் வந்து இறங்கியது. உலை ஒன்று விண்ணில் பழுதானால் பாதியைக் கழற்றி இன்னொன்றோடு சேர்த்து ஓட்ட முடியுமா என்று எதிரணிதான் சொல்ல வேண்டும்.

அடுத்து, வாயேஜரைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். நடுவர் அவர்களே, இது அநியாயம்! வாயேஜரில் இருக்கும் புளூட்டோனியம் மின்சாரமும் சூடும் தருகிறது, அவ்வளவுதான். கலத்துக்கு வேகம் கொடுத்தது 1977ல் ஏவிய ரசாயன ராக்கெட்டும் வியாழன் போன்ற கோள்களின் ஈர்ப்பும்.

அணு உந்துவிசையின் சொந்தக் கதை என்ன? அமெரிக்கா 1955ல் ஆரம்பித்து நெவாடா பாலைவனத்தில் உலைகளை உண்மையாகவே எரித்துப் பார்த்தது. ஹைட்ரஜன் புகையைத் திறந்தவெளியில் வானத்தை நோக்கி விட்டார்கள். இன்று எந்த ஊரில் அதற்குச் சம்மதிப்பார்கள்? 1973ல் திட்டத்தையே மூடிவிட்டார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 2023ல் டிரேக்கோ என்ற பெயரில் மறுபடி அறிவித்தார்கள். 2025ல் அதையும் கைவிட்டார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது! எங்கள் பக்கத்தில் பாருங்கள். டீப் ஸ்பேஸ் 1க்கான மாற்று இயந்திரத்தை ஆய்வகத்தின் வெற்றிட அறையில் வைத்து 30,352 மணி நேரம் ஓட்டினார்கள். யாரும் ஊரைக் காலி செய்ய வேண்டியிருக்கவில்லை.

எதிரணியின் ஒரு வாதத்தை மட்டும் தள்ளிவிட மனம் வரவில்லை. வியாழன் பக்கம் போனால் வெயில் பூமியில் இருப்பதில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் குறைவு, சூரியத் தகடு என்ன செய்யும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அங்கே உலை வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த உலை செய்ய வேண்டிய வேலை மின்சாரம் எடுத்துக் கொடுப்பது. தள்ளுவதை எங்கள் இயந்திரம் பார்த்துக்கொள்ளும். 1965லேயே இதற்கு ஒத்திகை நடந்தது. அமெரிக்கா விண்ணுக்கு அனுப்பிய ஸ்னாப் 10ஏ உலையோடு ஏற்றி அனுப்பியது சீசியம் அயனி இயந்திரத்தைத்தான். அந்த இயந்திரம் ஒரு மணி நேரம்கூட ஓடவில்லை என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்து வருகிறவர் சொல்லிக் கைதட்டல் வாங்குவார். உலையும் 43 நாளில் நின்றுவிட்டது, அதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அவர் மேடைக்கு வந்ததும் வேறொன்றும் வேண்டாம். அணு உலைச் சூட்டால் உந்தப்பட்டு விண்ணில் ஒரே ஒரு கிலோமீட்டர் நகர்ந்த கலம் ஒன்றின் பெயரைச் சொல்லட்டும். டான், ஹயபுசா, 2023ல் கிளம்பி இப்போதும் போய்க்கொண்டிருக்கும் சைக்கி, தலைக்கு மேலே ஆயிரக்கணக்கில் சுற்றும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் என்று எங்கள் பட்டியல் தயார். அவர் சொல்லப்போகும் பெயரைக் கேட்க உட்காருகிறேன். நன்றி, வணக்கம்.