கர்ல் மறந்துபோன ஒரு முடிவு

[திரை: கறுப்புப் பின்னணி, கண் சிமிட்டும் கர்சர்]

வணக்கம். இன்னைக்கு நாம பார்க்கப்போறது லிப்கர்ல். ஸ்வீடன்ல இருக்கிற டேனியல் ஸ்டென்பர்க் 1998-ல கர்ல்னு ஒரு சின்ன டூலை வெளியிட்டார். அதுக்குள்ள இருக்கிற லைப்ரரிதான் லிப்கர்ல். ஒரு ஆப் சர்வரோட பேசணும், ஃபைலை இறக்கணும்னா, அந்தப் பேச்சுவார்த்தையை நடத்திக் கொடுக்கிறது இதோட வேலை. ஃபோன், டிவி, கார், சர்வர்னு எல்லா இடத்துலயும் இருக்கு. உலகம் முழுக்க 2000 கோடிக்கும் மேல நிறுவப்பட்டிருக்கும்னு ஸ்டென்பர்க்கே கணக்குச் சொல்றார்.

2023 அக்டோபர் முதல் வாரத்துல அவர் ஒரு அறிவிப்பு கொடுத்தார். 11-ஆம் தேதி 8.4.0 வெர்ஷன் வருது, ரொம்ப காலமா கர்ல்ல வராத அளவுக்கு மோசமான ஓட்டை ஒண்ணை அது அடைக்குது, தயாரா இருங்கன்னார். எந்த வெர்ஷன்ல இருந்து பாதிப்புன்னு மட்டும் சொல்லவே இல்லை. அதைச் சொன்னா, அந்த வெர்ஷன்ல என்ன மாறியிருக்குன்னு பார்த்து வேண்டாதவங்க ஓட்டையைக் கண்டுபிடிச்சிருப்பாங்க. அந்த ஒரு வாரம் சர்வர் பார்த்துக்கிறவங்களுக்குத் தூக்கம் இல்லை. ஆனா அவர் வாயைக் கட்டினது சரிதான்னு நான் உறுதியா நினைக்கிறேன்.

பாதுகாப்பு ஓட்டைகளுக்கு உலகப் பொதுவா ஒரு சிவிஇ எண் கொடுப்பாங்க, இந்த ஓட்டையோட எண் சிவிஇ-2023-38545. உள்ளே போவோம்.

[திரை: ஒரு கட்டம், அதுல 255]

சாக்ஸ்5-னு ஒரு ப்ராக்ஸி முறை இருக்கு. நீங்க நேரா சர்வருக்குப் போகாம, நடுவுல ஒருத்தர்கிட்ட "இந்தப் பேருள்ள இடத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போ"ன்னு கேக்கறீங்க. யாருன்னு தெரியாம இணையத்துல உலாவ உதவற டோர் நெட்வொர்க்கைப் பயன்படுத்தறவங்களுக்கு இது பழக்கமான விஷயம். அந்தக் கோரிக்கையில, பேரோட நீளத்தை எழுத ஒரே ஒரு பைட்தான் இடம். ஒரு பைட்ல எழுத முடிஞ்ச பெரிய எண் 255. அதனால பேர் 255-ஐத் தாண்டினா ப்ராக்ஸிகிட்ட கொடுக்க வேண்டாம், நாமே முகவரியைத் தேடிக்கலாம்னு கர்ல்ல ஒரு ஏற்பாடு இருந்துச்சு.

கர்ல்ல ப்ராக்ஸியோட பேசற இந்த வேலையைச் செய்யற ஃபங்ஷன், அதாவது புரோகிராமோட ஒரு பகுதி, 2020 வரைக்கும் ஒரே மூச்சுல ஓடி முடியும். ப்ராக்ஸி பதில் சொல்ற வரைக்கும் அங்கேயே நிக்கும். அடுப்புல பாலை வெச்சுட்டு அது பொங்கற வரைக்கும் முன்னாடியே நிக்கிற மாதிரி. ஆயிரக்கணக்கான இணைப்பை ஒரே நேரத்துல பார்க்கிற புரோகிராமுக்கு இது கட்டுப்படியாகாது. அதனால 2020 பிப்ரவரியில ஸ்டென்பர்க் அதை மாத்தி எழுதினார். பதில் வரலைன்னா ஃபங்ஷன் வெளியே வந்துடும், வேற வேலை நடக்கும், பதில் வந்ததும் விட்ட இடத்துல இருந்து தொடரும். நல்ல மாற்றம், தேவையான மாற்றம்.

இங்கதான் கொஞ்சம் நிதானமா பார்க்கணும். குழம்புக்கு உப்பைப் போட்டுட்டு, யாரோ கூப்பிட்டாங்கன்னு வாசலுக்குப் போறீங்க. திரும்பி வந்து நிக்கும்போது போட்டோமா இல்லையான்னு ஞாபகம் இல்லை. ஃபங்ஷனுக்கும் இதேதான் ஆச்சு. "பேர் நீளம், நாமே தேடிக்கலாம்"ங்கிற முடிவு ஒரு லோக்கல் வேரியபிள்ல இருந்துச்சு. ஃபங்ஷன் வெளியே போனதும் அது அழிஞ்சுபோகும். திரும்பி உள்ளே வரும்போது, முதல் வரியிலேயே அந்த வேரியபிள் பழைய மதிப்புக்குப் போயிடும், அதாவது "ப்ராக்ஸியே தேடட்டும்". நீளத்தைச் சரிபார்க்கிற வரியோ முதல் படியில மட்டும்தான் இருக்கு. இரண்டாவது வருகையில அந்தப் படி ஏற்கெனவே தாண்டியாச்சு, யாரும் மறுபடி அளக்கறதில்லை.

[திரை: பஃபர் நிரம்பி, பக்கத்துக் கட்டங்கள் சிவப்பாகின்றன]

அடுத்து என்ன? கோரிக்கையைத் தயார் பண்ற வரிகள். நீளம் ஒரு பைட்டுக்குள்ள வெட்டி எழுதப்படுது. ஆனா பேரை மெமரியில காப்பி பண்ற வரி வெட்டின நீளத்தைப் பார்க்கலை, முழுப் பேரையும் கொண்டுபோய்க் கொட்டுது. அப்படிக் கொட்டற இடத்துக்குப் பேர் பஃபர், டேட்டாவைத் தற்காலிகமா வைக்கிற மெமரி. லிப்கர்ல்ல அதோட இயல்பான அளவு 16,384 பைட். கர்ல் ஏத்துக்கிற பேரோட உச்ச நீளம் 65,535. மிச்சம் எங்க போகும்? ஹீப்ல, அதாவது புரோகிராம் ஓடும்போது தேவைக்கு எடுத்துக்கிற மெமரியில, பஃபரை ஒட்டி இருக்கிற வேற டேட்டாமேல எழுதப்படும். புரோகிராம் செத்துப்போகலாம். சூழ்நிலை அமைஞ்சா, தாக்குறவர் அதைத் தன் விருப்பத்துக்கு ஆட்டிவைக்கவும் வழி பிறக்கலாம்.

இதைச் செய்ய அவர் உங்க மெஷினுக்குள்ள வரவேண்டியதே இல்லை. அவர் சர்வருக்கு உங்க ஆப் போனா போதும். "நீ தேடி வந்தது இங்க இல்லை, அங்க போ"ன்னு ஒரு ரீடைரெக்ட் கொடுப்பார், அந்த "அங்க"ங்கிற பேர் 16 ஆயிரம் எழுத்துக்கு மேல இருக்கும். ஆப் ரீடைரெக்டைத் தானா பின்தொடரணும், பேரைத் தேடற பொறுப்பு சாக்ஸ்5 ப்ராக்ஸிகிட்ட இருக்கணும், ப்ராக்ஸி கொஞ்சம் மெதுவா பதில் சொல்லணும். மெதுவான்னா ஏதோ பெரிய தாமதம் இல்லை, சாதாரண நெட்வொர்க் தாமதமே போதும். கட்டளை வரியில ஓடற கர்ல் டூல் இயல்பாவே 1,02,400 பைட் பஃபர் வெச்சுக்கும், அதனால தப்பிச்சுது. இறக்கும் வேகத்துக்கு ரொம்பக் குறைவா வரம்பு வெச்சா மட்டும் அதுக்கும் ஆபத்து.

7.69.0-ல இருந்து 8.3.0 வரைக்கும், மூன்றரை வருஷத்துக்கும் மேல இந்தப் பிழை இருந்துச்சு. புரோகிராம் வரிகளை அலசிப் பிழை தேடற கருவிகள் எத்தனையோ தடவை ஓடின ஃபங்ஷன் இது. ஒண்ணும் கண்ணுல படலை. கடைசியில ஒரு மனுஷர் கண்டுபிடிச்சுச் சொன்னார், அவருக்கு 4,660 டாலர் வெகுமதி. ஸ்டென்பர்க் மழுப்பவே இல்லை. எழுதினது நான், இப்பப் படிச்சா பிழை பளிச்சுன்னு தெரியுது, மெமரியைத் தானே காக்கிற மொழியில எழுதியிருந்தா இது நடந்திருக்காது, ஆனா சி மொழியில இருக்கிற கர்லை மொத்தமா மாத்தி எழுதற திட்டம் இல்லைன்னு எல்லாத்தையும் வெளிப்படையா எழுதினார். அந்த நேர்மைமேல எனக்குப் பெரிய மரியாதை இருக்கு.

தீர்வு எளிமையா முடிஞ்சுது. 8.4.0-ல பேர் 255-ஐத் தாண்டினா நாமே தேடலாம்ங்கிற பேச்சே கிடையாது. நேரா பிழைன்னு சொல்லி நிறுத்திடும்.

[திரை: டெர்மினல்]

உங்க மெஷின்ல கர்ல், ஒரு இடைவெளி, இரண்டு கோடு, வெர்ஷன்னு அடிச்சுப் பாருங்க. டூலோட எண்ணும் லிப்கர்ல் எண்ணும் தனித்தனியா வரும். பார்க்க வேண்டியது லிப்கர்ல் எண்ணை. டெபியன் 12 லினக்ஸ்ல 7.88.1-னு வந்தா பதற வேண்டாம். டெபியனும், இன்னொரு லினக்ஸான உபுண்டுவும் எண்ணை மாத்தாம, பழைய வெர்ஷன்லயே தீர்வை மட்டும் ஒட்டிக் கொடுப்பாங்க. அப்டேட் போட்டிருந்தா போதும். ஆப்போட சேர்த்தே கட்டின லிப்கர்ல் இருக்கே, அது இந்தக் கட்டளையில தெரியாது. அதை ஆப் எழுதினவர்கிட்டதான் கேக்கணும். உபுண்டு 20.04 வெச்சிருந்தவங்களுக்கு இந்த ஓட்டை வரவே இல்லை. அதுல இருந்தது 7.68.0, உப்பு போட்டதை மறக்கறதுக்கு முந்தின வெர்ஷன்.