நிலக்கரிக் கணக்கும் நெய்வேலிப் பள்ளமும்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

நாட்டின் பொருளாதாரத்தில் சுரங்கத் தொழிலுக்கு என்ன இடம் என்று பேசச் சொன்னார்கள். புள்ளிவிவரத்தில் அந்த இடம் ரொம்பச் சின்னது. இந்தியாவின் மொத்த உற்பத்தி மதிப்பில் சுரங்கமும் குவாரியும் சேர்ந்தே சுமார் 2 சதவீதம்தான். ஆனால் அந்த இரண்டை உருவிவிட்டால் மீதி 98 நிற்காது. நாட்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் நிலக்கரியை எரித்துத்தான் வருகிறது. ரயில்வேயின் சரக்கு வருமானத்தில் ஏறத்தாழப் பாதி நிலக்கரி ஏற்றுவதில் கிடைக்கிறது. நீங்களும் நானும் குறைந்த டிக்கெட்டில் சென்னைக்குப் போய்வர முடிவதற்கு அந்தக் கூட்ஸ் வண்டிகளும் ஒரு காரணம். 2024-25இல் நாட்டின் நிலக்கரி உற்பத்தி முதல் முறையாக 100 கோடி டன்னைத் தாண்டியது. கச்சா எண்ணெயிலோ 85 சதவீதத்துக்கு மேல் வெளியே வாங்குகிறோம். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் நிலக்கரியைக் கைவிடத் துணியாததற்குக் காரணம் இதுதான்.

சரி, நம்ம மாவட்டத்துக்கு வருவோம்.

1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் போர் போட்டபோது கறுப்பாக ஏதோ வந்தது என்பது இங்கே பலருக்கும் தெரிந்த கதை. அந்தக் காலத்தில் இங்கே நிலக்கரி வேண்டுமென்றால் வெகுதூரத்திலிருந்து வரவேண்டும். 1956இல் நெய்வேலி நிறுவனம் உருவானது. அடுத்த ஆண்டு சுரங்க வேலையை நேரு தொடங்கி வைத்தார். இங்கே முதலமைச்சராக இருந்தவர் காமராசர். 1961இல் தோண்டிய பள்ளத்தில் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962இல் சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையம் மின்சாரம் தர ஆரம்பித்தது. அந்த முதல் நிலையம் 2020 வரை ஓடியது. தமிழ்நாட்டின் ஆலைகளும் பம்புசெட்டுகளும் அந்த மின்சாரத்தில் எழுந்தவை. நம் மண் செய்த அந்த வேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. அதைப் பக்கத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெட்டியெடுத்த உடனே ஈரமாக இருக்கும். சில கட்டிகளில் மரத்தின் நார்கூடத் தெரியும். எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர்தான். காயவிட்டால் பொடிந்துபோகும், குவித்து வைத்தால் தானே தீப்பிடிக்கும். இதை ரயிலில் ஏற்றித் தூர தேசத்துக்கு அனுப்பிக் கட்டுப்படியாகாது. எடுத்த இடத்திலேயே எரிக்க வேண்டும். நம் மாவட்டத்தின் தலையெழுத்தை எழுதியது இந்த ஒரு குணம். பள்ளம், மண்மேடு, சாம்பல், புகை எல்லாம் இங்கேயே தங்கிவிடும். மின்சாரம் மட்டும் கம்பி வழியாகக் கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் ஆந்திராவுக்கும் சேர்த்தே போகும்.

அப்புறம் தண்ணீர். ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அள்ளிக் கொட்ட வேண்டும். அந்த மேல்மண்ணில் பெரும்பகுதி, புவியியல் நூல்கள் நம் ஊர்ப் பெயராலேயே குறிப்பிடும் கடலூர் மணற்கல். நிலக்கரிக்கு அடியில் இருக்கும் நீர், அழுத்தத்தோடு மேலே முட்டிக்கொண்டே இருக்கிறது. பம்பை நிறுத்தினால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொள்ளும். அதனால் இரவு பகலாக இறைக்கிறார்கள். இறைத்த நீரில் ஒரு பங்கு பரவனாற்றில் போய் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் சேர்கிறது. அந்தப் பாசனத்தை நம்பி நடவு செய்கிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். இன்னொரு பக்கம், கைக்கெட்டும் ஆழத்தில் தண்ணீர் இருந்த ஊர்களில் இன்று போரை இன்னும் ஆழமாக இறக்க வேண்டியிருக்கிறது. அந்தச் செலவு எந்த நிறுவனத்தின் வரவு செலவிலும் வராது. விவசாயியின் கடன் பத்திரத்தில்தான் வரும்.

நான் சொல்ல வந்தது இந்தக் கணக்கைப் பற்றித்தான். ஒரு டன் நிலக்கரியை விற்றால் அதை உற்பத்தி, வருமானம் என்று எழுதிக்கொள்கிறோம். நெல்லை விற்றால் அடுத்த போகத்தில் நெல் வரும். இதை விற்றால் அடுத்த போகம் கிடையாது. விதை நெல்லை விற்றுவிட்டு விளைச்சல் நன்றாக இருந்தது என்று சொல்வதுபோல ஒரு கணக்கு இது. விற்ற பணத்தை நீடித்து நிற்கும் வேறொன்றாக மாற்றினால்தான் நாடு பணக்கார நாடு. மாற்றாவிட்டால் இருந்த சொத்து கரைந்தது, அவ்வளவுதான்.

கனிமத்தை எடுப்பதற்காக அரசுக்குக் கட்டும் தொகைதான் ராயல்டி. நிலக்கரிக்கு அது விலையில் 14 சதவீதம், பழுப்பு நிலக்கரிக்கு 6 சதவீதம். நிலத்தை இழக்கிறவனுக்கு இரண்டும் ஒரே பள்ளம்தான். இந்த ராயல்டியே ஒரு வரி, அதன்மேல் மாநிலம் இன்னொரு வரி போடக்கூடாது என்று 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு சிமெண்டு நிறுவன வழக்கில். முப்பத்தைந்து வருஷம் கழித்து, 2024 ஜூலையில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை மாற்றியது. ராயல்டி வரி அல்ல, கனிமம் உள்ள நிலத்துக்கு வரி போட மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பு வந்தது. அதே ஆண்டே தமிழ்நாடு அதற்கென்று சட்டமும் இயற்றியது. நல்ல வேலை. ஆனால் பணம் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தால் மட்டும் நெய்வேலிக்குப் பக்கத்து வளையமாதேவி கிராமத்துக்குப் போதாது. 2023 ஜூலையில் அங்கே நெய்வேலி நிறுவனத்தார் பயிர் நின்ற வயலில் இயந்திரங்களை இறக்கி வாய்க்கால் வெட்டினார்களே, அந்தப் படம் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. சட்டப்படி எடுத்த நிலம், பணம் கொடுத்தாயிற்று என்றார்கள். இருக்கட்டும். அறுவடைக்குப் பொறுத்திருக்கக் கூடாதா?

அதே ஆண்டு ஏப்ரலில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கேயும் நிலக்கரி ஏலப் பட்டியலில் இருந்தது. தமிழ்நாடே எதிர்த்த பிறகு நீக்கினார்கள். பக்கத்தில் புதுச்சேரியின் பாகூர் மண்ணுக்கு அடியிலும் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. இருப்பதையெல்லாம் எடுத்தே ஆகவேண்டும் என்று எந்தப் பொருளாதாரமும் சொல்லவில்லை. நெல் விளையும் மண்ணின் மதிப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சில இடங்களில் தொடாமல் விடுவதே லாபம்.

எடுத்ததற்கு என்ன செய்யலாம்? கோவாவில் இரும்புத் தாது விற்பனைத் தொகையில் 10 சதவீதத்தை நிரந்தர நிதியாகச் சேர்க்க வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அசல் தொகையை வருகிற தலைமுறைக்கு விட்டுவிட வேண்டும் என்பது அதன் அடிப்படை. நமக்கும் ஒரு வாசல் இருக்கிறது. 2015இல் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டபோது, சுரங்கம் உள்ள மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளை வந்தது. அதற்கு முன் கொடுத்த சுரங்கக் குத்தகைகளுக்கு ராயல்டியில் 30 சதவீதத்துக்குச் சமமான தொகையை நிறுவனம் இதில் கட்ட வேண்டும். குடிநீர், மருத்துவம், பள்ளிக்கூடம் போன்றவற்றுக்கு முன்னுரிமை. ஒரு பங்கைச் சுரங்கம் முடிந்த பிறகு வரும் காலத்துக்காக ஒதுக்கி வைக்கவும் 2024இல் திருத்திய வழிகாட்டுதலில் இடம் இருக்கிறது.

அறக்கட்டளைக்குத் தலைவர் நம் மாவட்ட ஆட்சியர். எந்த ஊருக்கு எவ்வளவு போனது, எவ்வளவு மிச்சம், ஒதுக்கி வைத்தது எவ்வளவு என்ற மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுங்கள். சுரங்கத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு ஊராட்சியும் அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகப் போடட்டும். மாதிரித் தீர்மானம் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். பின்வரிசையில் நண்பர்களிடம் இருக்கிறது, போகும்போது ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.